அந்தப் பாறையில் பிள்ளைகள் கயிறோடு ஏறட்டும்: வன்னியின் கல்வி, விளையாட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும், பிரதேச செயலாளர்களுக்கும் என் வணக்கம்.

இரண்டு மாதத்துக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி இருக்கும். எங்கள் ஊர்க் குளத்துக்குப் பின்னால் உள்ள மொட்டைப் பாறையில் பதினொரு பிள்ளைகள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் எந்த அலுவலகம் என்று இங்கே எழுத விருப்பமில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். "பிள்ளையளுக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? இதை இண்டையோட நிப்பாட்டுங்கோ அக்கா" என்றார்கள். என்னிடம் அனுமதிக் கடிதம் இல்லை. எட்டு மாதமாக அதற்காகத்தான் அலைந்தேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. ஆகவே பேசாமல் கயிற்றைச் சுருட்டினேன், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அதே பிள்ளைகளில் மூன்று பேர் பள்ளிக்கூடம் முடிந்து அதே பாறைக்குப் போனார்கள். கயிறு இல்லை, ஹெல்மெட் இல்லை, கீழே பிடிக்க ஆளில்லை. முதல் நாள் மழை பெய்திருந்தது. பாறையில் தண்ணீர் வழியும் கறுப்புக் கோட்டில் கால் வைத்தவன் வழுக்கி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. தலை அடிபடாதது எங்கள் நல்ல காலம். 8 என்ற இலக்கம்போல வரும் எட்டு முடிச்சை, ஏறுபவரைக் கயிற்றோடு கட்டும் முடிச்சை, கண்ணை மூடிக்கொண்டே போடக்கூடிய பிள்ளை அவன். ஈரப் பாறையில் ஏறக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்த பிள்ளையை, அவன் கற்றதைச் செய்ய விடாமல், வெறும் கையோடு அந்தப் பாறைக்கு அனுப்பிவிட்டோம். அதில் எனக்கும் பங்குண்டு. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வவுனியா வடக்கில் பிறந்தவள். 2011 முதல் 2018 வரை மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். முகத்துக்கு மறைப்புப் போட்டு, முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையில் அங்குலம் அங்குலமாக நகரும் வேலை. அதற்குப் பிறகு பெலிகுல்லோயாப் பக்கம் ஒரு வெளிப்புறப் பயிற்சி முகாமில் சமையலுக்குப் போனேன். சமையல் முடிந்த நேரங்களில் அங்கிருந்த பயிற்றுநர்களோடு பாறைக்குப் போய்க் கயிறு கட்டப் பழகினேன். முதல் நாள் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டியை இடுப்பில் இறுக்கியதும் பழைய வேலைதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் அவசரப்பட முடியாது. அங்கேயும் நீ செய்ததை இன்னொருவர் வந்து சரிபார்த்த பிறகுதான் அடுத்த அடி வைக்கலாம். மூன்று வருடம் அங்கே இருந்தேன். திரும்பி வரும்போது சேமித்த காசில் 10 மில்லிமீற்றர் கயிறு ஒன்று, 40 மீற்றர் நீளம், நான்கு ஹார்னஸ், ஆறு ஹெல்மெட் கொண்டு வந்தேன். ஊரில் சிலர் சிரித்தார்கள். "வன்னியில எங்க மலை?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வன்னி தட்டை நிலம் என்பது பாதி உண்மை. வயல், குளம், காடு என்று போய்க்கொண்டே இருக்கும்போது மரங்களுக்கு மேலே திடீரென்று ஒரு கல் முதுகு எழும்பி நிற்கும். யானை படுத்திருப்பதுபோல. நாம் கருங்கல் என்கிறோம், புவிச்சரிதவியல் படித்தவர்கள் நைஸ் (gneiss) என்கிறார்கள். இலங்கையின் அடிப்பாறைகளைப் பிரித்துப் பெயர் வைத்தபோது அதில் ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் கொடுத்தார்கள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான கல் அது. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உலகத்தின் புவிச்சரிதவியல் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர் ஒரு பாறைக்கு இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்ன அன்று அவர்கள் அந்தக் கல்லைத் தொட்ட விதமே வேறு.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலிலும் மழையிலும் மேல்தோல் வெங்காயம்போலப் படை படையாகக் கழன்று வரும். பார்வைக்கு நல்ல பிடிபோல இருக்கும், கையோடு வந்துவிடும். அதனால் பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கப் பழக்கியிருக்கிறேன். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். உள்ளே வெறுமையாகச் சத்தம் வந்தால் அது கழன்ற கல், தொடக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது ஒரு காலையில் பிடிபட்டுவிடுகிறது. இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒருமுறையாவது விழ வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஐயா. நாம் அனுமதித்தாலும் ஏறுவார்கள், மறித்தாலும் ஏறுவார்கள். நாங்களும் ஏறினோம். மாடு தேடிப் போய் ஏறினோம், பாலைப்பழம் பொறுக்கப் போய் ஏறினோம், தேனுக்காக ஏறினோம்.

என் அண்ணாவின் கதை தேனில் முடிந்தது. 2003ஆம் ஆண்டு, சமாதான காலம், காட்டுக்குள் பயமில்லாமல் போய்வரலாம் என்றிருந்த நேரம். பாறையின் விளிம்புக்குக் கீழே பெருந்தேன் அடை ஒன்று தொங்கியது. அண்ணாவும் இன்னும் இரண்டு பேரும் ஹாட்வெயார் கடையில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் கயிற்றை மேலே மரத்தில் கட்டி இறங்கினார்கள். அந்தக் கயிறு மாடு கட்ட நல்லது, கூரைத் தகரத்தை இழுத்துக் கட்ட நல்லது. ஆனால் அது இழுபடாது. விழும் உடம்பின் முழு அடியையும் அது உடம்புக்கே திருப்பிக் கொடுக்கும். பாறை விளிம்பில் உரசினால் சூடேறி உருகும். அண்ணாவுக்கு நடந்தது அதுதான். விளிம்பில் நாலைந்து முறை அங்கும் இங்கும் உரசியதில் கயிறு அறுந்தது. இடுப்பெலும்பு உடைந்து, உழவு மெஷின் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்றும் நொண்டித்தான் நடக்கிறார்.

ஏறுவதற்கென்று செய்த கயிறு வேறு சாதி. உள்ளே முறுக்கிய நைலோன் நூல் கட்டுகள், வெளியே பின்னிய உறை. விழும்போது ரப்பர்போல நீண்டு அடியை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியத் தரத்தின்படி, 80 கிலோ எடையைக் கட்டி விழவிட்டுப் பார்க்கும் கடும் சோதனையில் அது குறைந்தது ஐந்து விழுகைகளைத் தாங்க வேண்டும், முதல் விழுகையில் 12 கிலோநியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 1,200 கிலோ எடைக்கு மேல், இழுவை வரக்கூடாது. கயிற்றை இணைக்கும் உலோகக் கொளுவிகளில் 22 என்று ஓர் இலக்கம் பொறித்திருக்கும், நீளவாக்கில் ஏறக்குறைய 2,200 கிலோ எடையின் இழுவையைத் தாங்கும் என்று பொருள். இந்த இலக்கங்களை என் அண்ணாவுக்கு ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். நெடுநேரம் கயிற்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். இப்போது எங்கள் கயிற்றுக்குப் பொறுப்பு அவர்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஏற முன்னும் ஏறிய பின்னும் 40 மீற்றரையும் விரலால் தடவிப் பார்த்து, கொப்பியில் திகதி போட்டுக் கையெழுத்து வைக்கிறார். உழவு மெஷின் பற்றறிக்குக் கிட்ட வைக்க விடமாட்டார். அமிலம் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே நூல் கெட்டுப்போகும்.

பனையேறும் தொழிலாளிகளையும் இங்கே நினைக்கிறேன். தளநாரைக் காலில் மாட்டி, உடம்பைக் காலால் தள்ளி, கையை வெறும் அணைப்புக்கு மட்டும் வைத்து ஏறும் அந்த வித்தையைத்தான் பாறையேற்றப் பயிற்றுநர்கள் முதல் பாடமாகச் சொல்கிறார்கள். கையால் இழுக்காதே, காலால் எழும்பு என்று. எங்கள் ஊரில் சீவல் தொழில் செய்த ஒரு பெரியவர் ஒரு ஞாயிறு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் பிள்ளைகள் மூன்று வாரமாகத் திணறிய இடத்தை ஒரு மூச்சில் ஏறினார். ஆனால் ஐயா, அவர் வாழ்நாள் முழுக்க இடுப்பில் ஒரு பாதுகாப்புப் பட்டி இல்லாமல்தான் ஏறினார். அவருடைய தம்பி பனையிலிருந்து விழுந்துதான் இறந்தார். இந்த அறிவு ஊருக்குள் வந்தால் பிள்ளைகளின் விளையாட்டோடு நிற்காது, தொழில் செய்பவர்களின் உயிருக்கும் உதவும்.

நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதுவரை கேட்கவில்லை. கயிறு எப்போதும் மேலிருந்து வருகிறது. பாறையின் தலையில் நிற்கும் இரண்டு பெரிய மரங்களில் தனித்தனியாகக் கட்டுகிறோம், ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். ஏறுபவரின் ஹார்னஸில் கயிற்றின் ஒரு முனை, மறுமுனை கீழே நிற்பவரிடம். அவருக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை அதே கயிற்றைப் பிடித்திருக்கும். முடிச்சைக் கட்டியவர் காட்ட வேண்டும், பிடிப்பவர் தொட்டுப் பார்க்க வேண்டும், நான் மூன்றாவதாகப் பார்க்க வேண்டும். வெடி அகற்றும் வேலையில் பழகிய பழக்கம்.

ஒரு தவறும் நடந்தது. மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் நாங்கள் வைத்திருந்த சொற்கள், கயிற்றை இறுகப் பிடிக்க வேண்டுமென்றால் "இறுக்கு", கீழே விட வேண்டுமென்றால் "இறக்கு". எழுதிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சொல். ஆனால் ஆடி மாதத்தில் சோளகம் அடிக்கும்போது, ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பிள்ளை கத்தினால், கீழே நிற்பவருக்கு ஒரே சத்தம்தான். ஒரு நாள் நடுப்பாறையில் கை சோர்ந்துபோன ஒரு தங்கச்சி "இறுக்கு" என்று கத்தினாள். கீழே நின்ற தம்பி "இறக்கு" என்று கேட்டுக் கயிற்றை விட்டான். ஒரு மீற்றர் கீழே வந்தாள், பின்னால் நின்ற பிள்ளை பிடித்துக்கொண்டதால் முழங்கால் தோல் மட்டும் போனது. அன்று ஏற்றத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் மர நிழலில் இருந்து சொற்களை மாற்றினோம். இறுகப் பிடிக்க "பிடி". தளர்த்த "தா". இறங்க "கீழே". ஒன்றுக்கொன்று ஓசையில் ஒட்டாத சொற்கள். சொல்லுக்கு முன்னால் பிடிப்பவரின் பெயரையும் கூப்பிட வேண்டும் என்றும் வைத்தோம். அதை முடிவு செய்தது நானில்லை, பிள்ளைகள்தான். தமிழில் ஒரு பாறையில் எதைக் கத்த வேண்டும் என்று யோசித்த பதினொரு பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பாறை மட்டும்தான் ஆபத்து என்றில்லை. பாலையும் வீரையும் பூக்கும் காலத்தில் பெருந்தேனீ வந்து பாறை விளிம்பில் அடை வைக்கும். நிலத்தில் நிற்பவன் ஓடலாம், கயிற்றில் தொங்குபவன் எங்கே ஓடுவான்? சிகிரியாவில் ஏறுபவர்களை இதே பெருந்தேனீக்கள் எத்தனையோ தடவை கொட்டியிருக்கின்றன. அதனால் அடை இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை, அது பறந்து போகும்வரை காத்திருப்போம். கற்குகைகளில் கரடி படுத்திருக்கும். தூரத்திலேயே நின்று சத்தம் போட்டுக்கொண்டுதான் கிட்டப் போவோம். யானை நடமாடும் வாரங்களில் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே புறப்படுவோம், ஒன்பதரைக்கு முன் முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு கல் சுட்டு விரல் நுனி பொள்ளும். மாரியில் ஏறுவதே இல்லை.

இனி "எதற்கு?" என்ற கேள்வி. ஒரு அதிகாரி என்னிடம் நேரடியாகக் கேட்டார், "மலையேற்றம் எல்லாம் வெள்ளைக்காரருக்கும் பணக்காரருக்கும் உள்ள விளையாட்டு, வன்னிப் பிள்ளைகளுக்கு எதற்கு?" அவருக்கு அன்று சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பாறையேற்றம் இன்று ஒலிம்பிக் விளையாட்டு. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது. 2024இல் பரிஸில், 15 மீற்றர் சுவரில் யார் வேகமாக ஏறுகிறார் என்ற போட்டியில் தங்கம் வாங்கிய ஆண் யார் தெரியுமா? இந்தோனேசியாவைச் சேர்ந்த வெட்ரிக் லியோனார்டோ. இறுதிப் போட்டியில் அவர் எடுத்த நேரம் 4.75 வினாடி. அதுவரை பட்மிண்டனில் மட்டுமே ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு இந்தோனேசியா. அவர் பிறந்த பொந்தியானாக், பூமத்திய ரேகை ஓடும் ஊர். ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பு நிலம், நம் குளத்து வெளிகளைப் போலத் தட்டை. அங்கே மலை இல்லை, சுவர் இருந்தது. உலகம் முழுக்க அந்தப் போட்டிச் சுவர் ஒரே அளவு, பிடிகள் ஒரே இடத்தில். பொந்தியானாக்கில் ஏறினாலும் பரிஸில் ஏறினாலும் ஒரே சுவர்தான். பெண்களில் தங்கம் வாங்கிய போலந்தின் அலெக்ஸாண்ட்ரா மிரோஸ்லாவ் அதே போட்டித் தொடரில் 6.06 வினாடி என்ற உலக சாதனையை வைத்தார். எங்கள் தங்கச்சிமார் கைபேசியில் அந்தக் காணொளியை எத்தனை தடவை பார்த்தார்கள் என்று எனக்கே தெரியாது.

பெரிய மலைகளையும் விடவில்லை. 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றார், இந்த நாட்டிலிருந்து முதல் ஆள். அவரோடு போன ஜொஹான் பீரிஸ் அந்த முறை உச்சிக்குக் கிட்டப் போய்த் திரும்பி இறங்கினார். இரண்டு வருடம் கழித்து 2018 மே 22ஆம் திகதி மறுபடி போய் ஏறினார். அந்தத் திரும்பி இறங்கியதைத்தான் நான் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்வேன். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினார், தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். மலைநோய் என்று சொல்லும் தலையிடியும் வாந்தியும் தொடங்குகிற உயரம் ஏறக்குறைய அங்கேதான் ஆரம்பம். எவரெஸ்டோ 8,848 மீற்றருக்கும் மேல், மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த நாட்டில் பிறந்த எவரும் அந்த உயரத்தை வீட்டில் இருந்து பழக முடியாது. அப்படிப் பார்த்தால் கொழும்புப் பிள்ளையும் நெடுங்கேணிப் பிள்ளையும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

அப்புறம், எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணை. இவரைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை.

மீள்குடியேறி வந்த புதிதில், 2010இல், தன் சொந்த வளவைத் துப்புரவு செய்யும்போது மிதிவெடியில் ஒரு கால் போனது. முழங்காலுக்குக் கீழே. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். அந்தக் கால் 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது, யாழ்ப்பாணத்தில் 1987 முதல் செய்து கொடுக்கிறார்கள். வயலில் இறங்கலாம், குந்தியிருக்கலாம், வெறுங்காலோடு நடக்கலாம். நம் வாழ்க்கைக்கு ஏற்ற கால். ஒரு ஞாயிறு மகளை ஏற்றிவிட்டுப் பார்க்க வந்தவர், கீழே அரை மணி நேரம் நின்றுவிட்டு, "எனக்கும் கட்டி விடு பிள்ளை" என்றார். கட்டிவிட்டேன். ரப்பர்ப் பாதம் சின்ன விளிம்புகளில் வளைந்து வளைந்து வழுக்கியது. மூன்று மீற்றரில் இறங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு வந்து, காலைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலோடு ஏறினார். ஒவ்வொரு பிடிக்கும் குதித்து எழும்ப வேண்டும், கை இரண்டும் நடுங்கின. நாற்பது நிமிடம் எடுத்தது. மேலே போய் மரத்தைப் பிடித்தவர் பேசவே இல்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய வளவு அங்கிருந்து தெரியும்.

நான் அவருக்கு ஹியூ ஹெர் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் பதினேழு வயதில் பாறையேற்றத்தில் பெயர் எடுத்த பிள்ளை. 1982 ஜனவரியில் வாஷிங்டன் மலையில் பனிப்புயலில் வழிதவறி, உறைந்துபோன இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். அவரையும் நண்பரையும் தேடிப் போனவர்களில் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். அந்தப் பாரத்தோடு அவர் வாழ்ந்தார். பிறகு பாறைக்கென்றே தனிக் கால்கள் செய்தார். சின்னதாகவும் விறைப்பாகவும், நுனி ஒடுங்கி, கல் வெடிப்புக்குள் செருகக்கூடியதாக. முன்பு ஏறியதைவிடக் கடினமான பாறைகளை ஏறினார், பிறகு செயற்கைக் கால் ஆராய்ச்சியிலேயே பெரிய ஆளாகிவிட்டார். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் பராலிம்பிக்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாறையேற்றம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து சைக்கிள் கடை அண்ணை பழைய டயர்த் துண்டிலும் முதிரைக் கட்டையிலும் ஒரு பாறைக் கால் செய்ய முயன்றுகொண்டிருக்கிறார். இரண்டு உடைந்துவிட்டன. மூன்றாவது மேசையில் கிடக்கிறது. இந்த வன்னியில் எத்தனை வீடுகளில் ஒரு கால் குறைவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்பது பெரிதில்லை.

முதலில், எழுத்தில் ஓர் அனுமதி. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள். வனவளத் திணைக்களமும் தொல்பொருள் திணைக்களமும் பிரதேச செயலகமும் ஒரு நாள் ஒன்றாக வந்து பார்த்து, இந்தக் கல்லில் ஏறலாம், இந்தக் கல்லில் கூடாது என்று கோடு போட்டுத் தரட்டும். கோயில் உள்ள மலைகளை நான் கேட்கவில்லை. பழைய எழுத்தோ இடிபாடோ இருக்கும் குகைகளையும் கேட்கவில்லை. குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் யாருடைய வழிபாட்டிடம் என்ற பிணக்கில் நீதிமன்றம்வரை போன பெயர்கள். அந்த வேதனைக்குள் பிள்ளைகளின் விளையாட்டைக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. யாரும் வழிபடாத, யாரும் உரிமை கேட்காத ஒரு மொட்டைக் கல் போதும். அதையும் சல்லிக்கல்லுக்காக வெடி வைத்து உடைக்காமல் விட்டுவையுங்கள். நான் சிறுமியாக ஏறிய கல் ஒன்று இப்போது பாதிதான் நிற்கிறது. வெடி வைத்த முகத்தில் ஏறவும் முடியாது, உள்ளே வெடிப்பு ஓடிக் கற்கள் கழன்று நிற்கும்.

அடுத்தது, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர். 15 மீற்றர் கேட்கவில்லை. நான்கு மீற்றர் உயரம், கயிறு இல்லாமல் ஏறிக் குதிக்கக்கூடியது, கீழே தடித்த மெத்தை. இரும்புச் சட்டமும் தடித்த ஒட்டுப்பலகையும் நம் ஊர் ஒட்டுவேலைக்காரரே செய்வார்கள். பிடிகளை மர ஆலையில் கழித்த முதிரைத் துண்டுகளில் செய்து அரத்தால் மழுக்கிக்கொள்ளலாம், மரப்பிடிகள் வெளிநாட்டுக் கூடங்களிலும் உண்டு. மாரி நான்கு மாதமும் பிள்ளைகள் பழக அது ஒன்றே வழி. மெத்தைக்குத்தான் காசு வேண்டும்.

மூன்றாவதை நான் கட்டாயமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு வலயத்திலிருந்தும் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நான் சமையலுக்குப் போன இடத்தில் கற்றவள், என்னிடம் சான்றிதழ் இல்லை. என்னை நம்பி மட்டும் இது நடக்கக் கூடாது. மலைநாட்டில் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். இன்னும் தூரம் போக முடிந்தால், எவரெஸ்டில் முதன்முதலில் ஏறிய இருவரில் ஒருவரான டென்சிங் நோர்கே முதல் களப்பயிற்சி இயக்குநராக இருந்த டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனம் 1954 முதல் நடக்கிறது. அடிப்படைப் பயிற்சி 28 நாள், வெளிநாட்டவருக்கும் இடமுண்டு. பயிற்சி பெற்றவர் வரும் நாளில் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பின்னால் நிற்கும் ஆளாக இருப்பேன்.

பொறுப்பு யார் என்று அன்று கேட்டார்கள். பதினொரு பிள்ளைகளின் தாய் தகப்பனும் ஒப்பமிட்ட கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அண்ணாவின் கயிற்றுக் கொப்பி இருக்கிறது. முதலுதவிப் பெட்டி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ ஒன்று ஒவ்வொரு ஞாயிறும் குளக்கட்டில் நிற்கும். எதையும் பார்வையிட வரலாம், கேள்வி கேட்கலாம், திருத்தலாம்.

கை முறிந்த பிள்ளைக்கு இந்த மாதக் கடைசியில் கட்டு அவிழ்க்கிறார்கள். நேற்று வீட்டுக்கு வந்து இடக்கையால் எட்டு முடிச்சுப் போட்டுக் காட்டினான். எப்போது மறுபடி தொடங்குவோம் என்று கேட்டான். பதில் உங்களிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மாரி பிறக்க இன்னும் ஏழு ஞாயிறு இருக்கிறது. ஏதாவது ஒன்றில், காலை ஆறு மணிக்கு, வழுக்காத சப்பாத்துப் போட்டுக்கொண்டு குளக்கட்டுக்கு வாருங்கள். ஹார்னஸ் பெரியவர்களுக்கும் அளவாக இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
வவுனியா வடக்கிலிருந்து,
முன்னாள் மிதிவெடி அகற்றும் பணியாளர் ஒருத்தி